ஒரு அமுக்குக்கு ஒரு திருப்பு

ஃபிட்டர் ஆறாவது தூணையும் கெடுத்துவிட்டு மழையைத் திட்டினார்.

“மரம் தண்ணி குடிச்சிருக்கு. அதான் கட்டர் ஒரு பக்கமா இழுக்குது” என்றார்.

மழை அன்று காலையில்தான் ஆரம்பித்திருந்தது. மரமோ இரண்டு மாதமாக அவர்கள் கட்டிலுக்கு அடியில் பழைய போர்வை போர்த்திக்கொண்டு, வீட்டு மனிதர்களைவிட வசதியாகப் படுத்திருந்தது. பக்கத்து அறையில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி இதையெல்லாம் சொல்லவில்லை. “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். அவள் சொல்லும் “அப்படியா”வில் எத்தனை வகை உண்டென்று முப்பது வருடம் குடித்தனம் நடத்திய ஃபிட்டருக்குத் தெரியும். கெட்டுப்போன தூணைக் கொண்டுபோய், தப்பு விழுந்த பக்கம் சுவரைப் பார்க்கும்படி மூலையில் நிறுத்தினார். ஏற்கெனவே ஐந்து தூண்கள் அங்கே அதே மாதிரி நின்றன.

அவர் இருபத்திரண்டு வருடம் பாட்டில் தொழிற்சாலையில் பராமரிப்பு ஃபிட்டர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவள் டைப்பிங் வகுப்பில் டீச்சர். அதையும் மூடிவிட்டார்கள். இரண்டு பேருக்கும் வேலை போய்ப் பேர் மட்டும் தங்கிவிட்டது. தெருவில் யாரும் அவர்களை வேறு பெயரில் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஃபிட்டர் ஒரு சி.என்.சி. மிஷினை, பாதி வாங்கி மீதியைத் தானே செய்து, வீட்டுக் கூடத்தில் நிறுத்தினார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி கட்டர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓடி மரத்தை வெட்டும். கூடத்திலிருந்த சோபா சமையலறைக்குப் போயிற்று. சமையலறை அலமாரி படுக்கையறைக்குப் போயிற்று. படுக்கையறையிலிருந்து எதுவும் போக இடமில்லாததால் இரண்டு பேரும் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார்கள். சாப்பாட்டு மேஜையில் தட்டை வைக்கும் முன் ஒரு தடவை ஊதவேண்டும். உப்பு டப்பாவைத் திறந்தால் மேலே மெல்லிய மரத்தூள் இருக்கும். டீச்சர் அதையும் உப்பாகவே நினைத்துப் போட்டுவிடுவாள்.

இப்போது வந்திருந்தது அவர்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய வேலை. புதிதாகக் கட்டும் நூலகத்தின் மாடிப்படிக்கு, கைப்பிடியைத் தாங்கும் தூண்கள் முப்பத்தாறு. இடுப்புயரம். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக எட்டு வரிகள், பென்சில் கனத்தில் பள்ளமாக. மிஷினுக்கு மேலேயிருந்துதான் வெட்டத் தெரியும், மரத்தைத் திருப்பத் தெரியாது. ஒரு வரி வெட்டியதும் நிறுத்தி, மரத்தைப் பிடித்திருக்கும் ‘சக்’ என்ற இரும்புப் பிடியைத் தளர்த்தி, கையால் திருப்பி, பிளைவுட் வட்டத்தில் போட்ட பென்சில் கோடு ஓர் ஆணியின் முனைக்கு நேராக வந்ததும் திரும்ப முறுக்கவேண்டும். ஒரு தூணுக்கு எட்டுத் தடவை. கோடு மயிரிழை தப்பினால், எட்டாவது வரி வெட்டும்போது முதல் வரிக்கும் அதற்கும் நடுவே இடம் ஒல்லியாகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும்.

கோடு தப்பியது மழையால் இல்லை. ஃபிட்டரின் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

ஏழு மாதமாக. சும்மா இருக்கும்போது ஒன்றுமில்லை. எதையாவது குறிபார்த்து நீட்டினால் போதும், விரல்கள் தனியாக ஒரு வேலை பார்க்க ஆரம்பித்துவிடும். வீட்டில் யாருக்கும் தெரியாதென்று அவர் நம்பினார். வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள், அந்த ஆளுக்கு அவருக்கு முன்னாலேயே தெரியும். டீயைப் பாதி டம்ளர் போதும் என்று அவர் சொல்ல ஆரம்பித்த அன்றைக்கே அவள் கவனித்தாள். பொத்தான் வைத்த சட்டைகளை விட்டுவிட்டுத் தலைவழியாக மாட்டும் சட்டைகளாகவே போட ஆரம்பித்ததையும் கவனித்தாள். ஒரே ஒரு தடவை, “கையில என்னங்க?” என்று கேட்டுவிட்டாள். இரண்டு நாள் அவர் பேசவில்லை. பிறகு அவள் கேட்கவில்லை.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. தொழிற்சாலையில் ஒரு வெல்டர் இருந்தார். கை நடுங்குகிறதென்று டாக்டரிடம் போனார். டாக்டர் ஒரு காகிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பார்த்த மறுநாளே அவரை வாசலில் நாற்காலி போட்டு, கழுத்தில் ஒரு விசிலை மாட்டி உட்காரவைத்தார்கள். லாரி வந்தால் ஊதவேண்டும். “ஏழு மில்லிமீட்டர் தகட்டைக் கண்ணை மூடிட்டு ஒட்டுற ஆளு” என்று ஃபிட்டர் பல தடவை சொல்லியிருக்கிறார். காகிதம் வராதவரை தன் கைக்கு ஒன்றுமில்லை என்பது அவர் கணக்கு.

டீச்சரின் பயம் வேறு. நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று சுற்றும் கட்டருக்குப் பக்கத்தில் அந்தக் கை போய்ப் போய் வருவதை அவள் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே உப்புத்தாள் தேய்த்தாள். தேய்த்த இடத்தையே தேய்த்துப் பல தூண்களில் விளிம்பு மழுங்கிப்போயிற்று.

அதனால் ஒரு நாள் காலை ஃபிட்டர் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்துபோய், ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டு வந்து, “இதைக் கையால திருப்புறதே தப்பு. மோட்டார் வச்சுத் திருப்பணும். ஒரு அமுக்கு அமுக்கினா எட்டுல ஒரு பங்கு திரும்பி நிக்கணும்” என்றபோது டீச்சருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கை மரத்தை விட்டுத் தள்ளி நிற்கும். படத்தின் கோடுகள் எல்லாம் அலையலையாக இருந்தன. அவள் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள்.

அடுத்த விடுமுறை நாளில் அவளுடைய தம்பி வந்தான். லிஃப்ட் மெக்கானிக். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இண்டெக்ஸர்னு பேரு மாமா இதுக்கு. என்ன பெரிய விஷயம்? லிஃப்ட் ஒவ்வொரு மாடியா நிக்குதில்ல, அதேதான். மேல போகாம சுத்துது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

“உன் லிஃப்ட் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்ன கதையெல்லாம் எனக்குத் தெரியும் மச்சான்.”

“அது கரன்ட் கோளாறு.”

“தப்பு பண்றவன் எல்லாம் கரன்ட்டைத்தான் சொல்றான்.”

“சரி விடுங்க. இதை உங்க மிஷின் கம்ப்யூட்டர்லயே சேர்த்துடலாம். ஒரு வரி வெட்டினதும் அதுவே திருப்பிக்கும், அதுவே அடுத்ததை வெட்டும். நீங்க டீயைக் குடிச்சிட்டு உட்கார்ந்திருக்கலாம்.”

ஃபிட்டரின் முகம் மாறிவிட்டது. “வேண்டாம். அது தனியா நிக்கணும். தனி மோட்டார், தனி போர்டு, தனி பொத்தான். மிஷினுக்கு இது இருக்கிறதே தெரியக்கூடாது.”

“ஏன் மாமா? அது சுலபம்தானே?”

“வரி முடிஞ்சு கட்டர் மேல தூக்கினதும் நான் கண்ணால பார்ப்பேன். சரின்னு பட்டா அமுக்குவேன். நான் அமுக்கினாத்தான் திரும்பணும். எல்லாத்தையும் அதுவே பண்ணிக்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதைச் செய்து முடிக்கப் பதினாறு நாள் ஆயிற்று. பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு சின்ன லேத்தின் சக்கைக் கொண்டுவந்தார். அதன் தண்டுக்கு இரண்டு பேரிங். சதுரக் குழாயை அறுத்து ஒரு சட்டம். மோட்டாரின் முனையில் பத்துப் பல் சக்கரம், சக்கின் தண்டில் அறுபது பல் சக்கரம், இரண்டையும் சேர்த்து ஒரு பல் பெல்ட். மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் மரம் ஒரு சுற்று. மரத்தின் மறுமுனையைத் தாங்க ஒரு கூர்முனை. அந்தக் கூர்முனையும் சக்கின் நடுவும் ஒரே நேர்கோட்டில் வருவதற்கு மட்டும் நான்கு நாள். ஃபிட்டர் அடியில் ஒரு தகடு செருகுவார், அளப்பார், எடுப்பார், பாதியில் எழுந்து வாசல்வரை போய் மழையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வருவார். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட அவரால் முடியவில்லை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே மிஷினைச் சுற்றி வந்தார்.

பல்சக்கரத்தைத் தண்டோடு பிடிக்கும் திருகு அரிசியைவிடச் சின்னது. அது அவர் விரலிலிருந்து மூன்று தடவை மரத்தூளில் விழுந்தது. மூன்று தடவையும் அவர் தரையில் தவழ்ந்து தேடினார். நான்காவது தடவை அவர் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து ஸ்டூலில் ஒரு காந்தம் இருந்தது. யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை. வைத்தவளும் சொல்லவில்லை. அந்த வீட்டில் அப்போது பாதிக் காரியம் இப்படித்தான் நடந்தது.

மோட்டாருக்கு உத்தரவு சொல்லும் சின்ன சர்க்யூட் போர்டையும் அதற்குள் ஓடும் புரோகிராமையும் தம்பி கொண்டுவந்தான். பழைய லேப்டாப்பைப் பொருத்தி விளக்கினான்.

“மரம் ஒரு சுத்து வர மோட்டார் பத்தொம்பதாயிரத்து இருநூறு சின்னத் துடிப்பா நகரணும். எட்டால வகுத்தா ரெண்டாயிரத்து நானூறு. மீதியே வராது மாமா. உங்க ஆணி, பென்சில் கோடெல்லாம் இனிமே அருங்காட்சியகத்துக்கு.”

“ரெண்டு தடவை அமுக்கினா ரெண்டு இடம் போகணும்” என்றார் ஃபிட்டர். “நாளைக்கு நாலு வரித் தூண் ஒண்ணு வந்தா ஒண்ணு விட்டு ஒண்ணு வெட்டணும். அது சுத்திக்கிட்டு இருக்கும்போது அமுக்கினாலும் எண்ணி வச்சுக்கிட்டுப் போகணும்.”

“சரி, அப்படியே பண்ணிடலாம். இங்க திரையில பாருங்க, மேல ரெண்டு வரி இருக்கு. முதல் வரியில எத்தனை பங்குன்னு இருக்கு, இப்ப எட்டு. அதை நீங்களே மாத்திக்கலாம். அதுக்குக் கீழ அம்பதுன்னு இருக்கே, அதைத் தொடவேண்டாம்.”

“அது என்ன?”

“பொத்தானுக்குள்ள இருக்கிற தகடு, நாம ஒரு தடவை அமுக்கினாலும் உள்ளுக்குள்ள நாலு தடவை துள்ளும் மாமா. போர்டு அதையெல்லாம் எண்ணிடும். அதனால முதல் அமுக்குக்கு அப்புறம் அம்பது மில்லி செகண்ட் காதைப் பொத்திக்கோன்னு சொல்லி வச்சிருக்கேன். செகண்டை இருபதாப் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. அதுக்குள்ள எந்த மனுஷனாலயும் ரெண்டு தடவை அமுக்க முடியாது. அதுக்கு மேல வந்தா, அது நீங்க வேணும்னு அமுக்கினதுன்னு அர்த்தம்.”

டீச்சர் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதுகிற வேலைகள் ஏழு மாதமாக அவளுடையவை.

பெரிய பச்சைப் பொத்தான் ஒன்றை ஃபிட்டர் சட்டத்தின் முன்பக்கம் பொருத்தினார். அமுக்கினார். மோட்டார் சின்னதாக முனகி, மரம் எட்டில் ஒரு பங்கு திரும்பி, அசையாமல் நின்றது. “பார்த்தியா!” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி வெகுநாள் ஆகியிருந்தது.

இரண்டு தூண்கள் அச்சாக வந்தன. மூன்றாவதில் ஐந்தாம் வரி இல்லை. நான்கிலிருந்து ஆறுக்குத் தாவியிருந்தது. நான்காவது தூண் சரி. ஐந்தாவதில் மறுபடி தாவல், அதுவும் இரண்டு இடத்தில். இந்தத் தடவை அவர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தபோதே மரம் திரும்பி, நின்று, ஏதோ மறந்ததை எடுக்கப் போவதுபோல இன்னொரு தடவை திரும்பியது.

“கரன்ட்டு” என்றார் ஃபிட்டர். “பெரிய மோட்டார் ஓடும்போது அதோட கரன்ட் இந்தச் சின்ன ஒயர்ல தெறிக்குது. அதை இந்த போர்டு அமுக்குன்னு நினைச்சு எண்ணிடுது.”

இது வெறும் சாக்கு இல்லை. நடக்கக்கூடியதுதான். அதனாலேயே அவரை அது விடாமல் பிடித்துக்கொண்டது. பொத்தானின் ஒயருக்கு அலுமினியத் தாள் சுற்றினார். ஒயரைக் கூரை வழியாகக் கொண்டுபோனார், பிறகு தரை வழியாக. பொத்தானை மாற்றினார். மாற்றிய பொத்தானை மாற்றினார். மூன்றாவது பொத்தான் சிவப்பு, கடையில் பச்சை தீர்ந்துவிட்டது. அது மூன்று மணி நேரம்கூட நல்ல பேர் எடுக்கவில்லை. மூலையில் சுவரைப் பார்த்து நிற்கும் தூண்கள் பதினொன்றாயின. மறுபடி பச்சையையே போட்டார்.

நூலக வேலையைப் பார்க்கும் இன்ஜினியரம்மா போன் செய்தாள். “மாசக் கடைசியில படிக்கட்டுக்கு ஆள் வர்றாங்க சார். தூண் எல்லாம் ரெடியா?”

“ஓடிக்கிட்டே இருக்கு மேடம்” என்றார் ஃபிட்டர். அப்போது ஓடிக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான்.

தம்பியை மறுபடி கூப்பிட்டார்கள். அவன் பச்சைப் பொத்தானை ஐம்பது தடவை அமுக்கினான். ஐம்பது தடவையும் ஒழுங்காகத் திரும்பியது. பெரிய மிஷினை ஓடவிட்டு இன்னும் ஐம்பது. ஒரு தாவல் இல்லை.

“நல்லாத்தானே இருக்கு மாமா?”

“உன்னைப் பார்த்ததும் நல்ல பிள்ளை ஆயிடுச்சு. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் போற மாதிரி.”

டாக்டர் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்தே வந்ததில் தம்பி பொத்தானிலிருந்து கையை எடுத்தான். பக்கத்து அறையில் உப்புத்தாள் சத்தம் நின்றது.

“எந்திரி, நான் காட்டுறேன்” என்றார் ஃபிட்டர்.

அவர் அமுக்கினார். திரும்பியது. அமுக்கினார். திரும்பியது. மூன்றாவது தடவை திரும்பி, நின்று, மறுபடியும் திரும்பியது.

“பார்த்தியா? நான் பொய்யா சொல்றேன்?”

தம்பி போர்டைக் குனிந்து பார்த்தான். பதில் பொத்தானில் இருந்தது, அதை அவன் பார்க்கவில்லை. பக்கத்து அறையிலிருந்த டீச்சர் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் காதாலேயே கண்டுபிடித்துவிட்டாள். இருபத்தாறு வருடம், நாற்பது டைப்ரைட்டர்கள் ஒரே நேரத்தில் அடிக்கும் அறையில், எந்தப் பிள்ளை எந்த எழுத்தை இரண்டு தடவை தட்டியது என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னவள் அவள். தம்பி அமுக்கிய நூறும் டக் என்றுதான் கேட்டது. ஃபிட்டர் அமுக்கியதில் முதல் இரண்டும் டக், டக். மூன்றாவது டடக்.

அவள் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள். கம்பியும் இல்லை, கரன்ட்டும் இல்லை. கையை மரத்திலிருந்து தள்ளிவைக்க அவர் கட்டிய இயந்திரம் அந்தக் கையையே எண்ணிக்கொண்டிருந்தது.

தம்பியை வழியனுப்ப வாசல்வரை குடையோடு போனாள்.

“அந்த அம்பதை மாத்தினா என்ன ஆகும்டா?”

“எந்த அம்பது?”

“காதைப் பொத்திக்கச் சொன்னியே.”

“அதிகமா வச்சா, ரெண்டாவது அமுக்கை அது கேட்காது. ஆனா எதுக்குக்கா? எந்தப் பொத்தானும் அவ்வளவு நேரம் துள்ளாதே.”

அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள். குடையில் மழை விழுந்துகொண்டிருந்தது. தம்பி அவளைப் பார்த்தான், பிறகு வீட்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பைக் சாவியைத் தேடினான், அது கையிலேயே இருந்தது.

“எத்தனை மாசமாக்கா?”

“ஏழு, எட்டு இருக்கும்.”

“எண்ணூறு போடு” என்றான் மெதுவாக. “அதுக்கப்புறம் அம்புக்குறி மாதிரி ஒண்ணு இருக்கும், அதை அமுக்கு. போர்டுல சின்ன விளக்கு படபடன்னு அடிச்சு நிக்கும். அவ்வளவுதான். ஆனா அக்கா, மாமாகிட்ட சொல்லிட்டுப் பண்ணு.”

“சொன்னா பொத்தானைப் பிடுங்கி வெளிய எறிஞ்சிட்டு மறுபடி சக்கைக் கையால திருப்புவார். தெரியாதா உனக்கு?”

செவ்வாய்க்கிழமை காலை ஃபிட்டர் எர்த் போட நல்ல செம்புக் கம்பி வாங்கக் கடைக்குப் போனார். அவர் தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலில் நின்றாள். பிறகு லேப்டாப்பைப் பொருத்தினாள். ஐம்பதை அழித்து எண்ணூறு அடிக்க அவளுக்கு ஒரு நொடி ஆகவில்லை. விளக்கு படபடத்து நின்றது. வீட்டில் திருடியவள் மாதிரி லேப்டாப்பைத் துடைத்து, மூடி, மேலே பழையபடி தூசி படிந்த துணியைப் போட்டாள்.

ஃபிட்டர் வந்து இரண்டு மணி நேரம் தரையில் படுத்துக்கொண்டு செம்புக் கம்பியைச் சட்டத்தோடு பிணைத்தார். எழுந்து, கையைத் துடைத்து, மிஷினை ஓடவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கினார். எட்டு வரிகள். ஒன்றும் தாவவில்லை. அடுத்த தூண். அதுவும் சரி. சாயங்காலத்துக்குள் நான்கு.

“எர்த்துதான்! நான் சொன்னேன்ல? எர்த்து!” என்று சமையலறைக்கே வந்து சொன்னார். தம்பிக்குப் போன் போட்டார். “மச்சான், எர்த்துதான். உன் லிஃப்ட்டுக்கும் ஒழுங்கா எர்த்தைப் போடு, நடுவுல நிக்காது.” அந்தப் பக்கம் தம்பி என்ன சொன்னானோ, இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டார். முட்டை இன்னொன்று கேட்டார்.

டீச்சருக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சந்தோஷமாகவும் இருந்தது, அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்றும் இருந்தது. சாய்ந்த வீட்டைத் தாங்க முட்டுக் கொடுத்தோமா, விரிசலுக்கு மேல் சுண்ணாம்பு அடித்தோமா என்று அவளுக்கே தெரியவில்லை. இனி அவர் டாக்டரிடம் போகவே மாட்டார், போகவேண்டிய ஒரே காரணத்தை நானே துடைத்துப் போட்டுவிட்டேன் என்று நினைத்தாள். படுத்தால் அந்த எண்ணூறு கண்முன்னால் வந்தது. சொல்லிவிடலாம் என்று டீயோடு கூடத்துக்குப் போவாள், அவர் “இங்க பாரு, வரியைத் தடவிப் பாரு” என்பார், தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள். பதினொரு நாள் இப்படிப் போயிற்று. முப்பத்தாறு தூண்களும் முடிந்தன. கூடம் முழுக்க நின்றன. அவற்றுக்கு நடுவே நடக்க இன்னும் ஒல்லியாகவேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் இன்ஜினியரம்மா வந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். படிக்கட்டின் அடியில் இரண்டு பக்கமும் நிற்க, கனமான தூண்கள் இரண்டு வேண்டும் என்றாள். அதில் பன்னிரண்டு வரி.

“பன்னிரண்டா? ஒரு நம்பரை மாத்தினாப் போதும் மேடம்” என்றார் ஃபிட்டர், பெரிய வித்தைக்காரர் தோரணையில்.

அவள் போனதும் அவர் லேப்டாப்பை எடுத்தார். டீச்சர் தூண் ஒன்றுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முழங்கைவரை பாலிஷ்.

“நான் வந்து மாத்தித் தர்றேன், இருங்க.”

“ஒரு எட்டைப் பன்னிரண்டா மாத்த எனக்குத் தெரியாதா? நீ வேலையைப் பாரு.”

“கை கழுவிட்டு ஒரே நிமிஷத்துல வந்துடறேங்க.”

“அட, நோட்டுல எழுதித்தானே வச்சிருக்க?”

அவள் கை கழுவாமலே எழுந்து வந்தாள். அவர் அதற்குள் திறந்துவிட்டிருந்தார். திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். நோட்டு பக்கத்தில் விரிந்து கிடந்தது. நோட்டில் அவள் கையெழுத்தில் ஐம்பது. திரையில் எண்ணூறு.

“இது யாரு மாத்தினா?”

“நான்தான்.”

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை. நீங்க கம்பி வாங்கப் போனப்ப.”

அவர் எழுந்தார். வாசல்வரை போனார். வழக்கம்போல மழையைப் பார்க்க. மழை நின்று இரண்டு நாள் ஆகியிருந்தது. திரும்பி வந்தார்.

“அப்ப எர்த்து இல்லை.”

“எர்த்தும் நல்லாத்தான் போட்டிருக்கீங்க.”

“என்னை என்ன பச்சைப் பிள்ளைன்னு நினைச்சியா? அவனுக்குப் போன் போட்டு எர்த்து எர்த்துன்னு கத்தினேனே! ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சீங்களா?”

“யாருங்க சிரிச்சா? அன்னிக்கு அவன் போனை வச்சிட்டு எனக்குப் போட்டான். பேசவே இல்லை, மூக்கை உறிஞ்சிக்கிட்டு இருந்தான். நான் பதினோரு நாளா ஒழுங்கா மூச்சு விடலை. உங்களுக்கு அந்தக் கட்டர் சத்தம் வேலைச் சத்தம். எனக்கு அது வேற சத்தம். எப்ப நிக்கும், நின்னா ஏன் நின்னுதுன்னு எட்டிப் பார்க்கவே பயமா இருக்கும். நீங்க பேசாம ரெண்டு நாள் இருந்தீங்களே, அப்பவே உங்க சட்டையைப் பிடிச்சு உலுக்கிக் கேட்டிருக்கணும். கேட்கலை. தப்புதான். திட்டணும்னா அதுக்குத் திட்டுங்க.”

அவள் அழுதாள். பாலிஷ் கையால் முகத்தைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்தாள்.

ஃபிட்டர் உட்கார்ந்தார். வெகுநேரம் பச்சைப் பொத்தானையே பார்த்தார்.

“மூணு பொத்தான் மாத்தினேன்” என்றார். “அந்தக் கடைக்காரன்கிட்ட சண்டை வேற. மட்டமான சரக்கு விக்கிறேன்னு.”

“ஆமா. அந்தச் சிவப்பு பாவம்.”

அவர் வலது கையைத் தூக்கி, மேஜைக்கு மேலே, இரண்டு பேருக்கும் நடுவில் நீட்டினார். இடது கையால் அதை மூடவில்லை. அது நடுங்கியது. ஏழு மாதமாகக் கதவிடுக்கிலும் டம்ளர் விளிம்பிலுமாகப் பார்த்ததை அவள் அப்போதுதான் நேராகப் பார்த்தாள்.

“எண்ணூறு பத்துதா?” என்று கேட்டார்.

“இப்போதைக்குப் பத்துது.”

“இது இதோட நிக்குமா, இன்னும் போகுமான்னு தெரியலையே.”

“தெரியாதுங்க. கேட்டாத்தான் தெரியும்.”

அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். எண்ணூறை அழித்தார். டீச்சர் கையை நீட்டப் போனவள் நிறுத்திக்கொண்டாள். வகுப்பில் அவள் எந்தப் பிள்ளையின் விரலையும் பிடித்துத் தட்டவைத்ததில்லை. அவர் ஒரு விரலைக் குறிபார்த்து இறக்கினார். டடக் என்றது. மீதி மூன்று எண்களையும் அடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். ஆயிரத்து ஐந்நூறுக்குப் பதில் பதினோராயிரத்து ஐந்நூறு இருந்தது.

“பதினோரு செகண்டு” என்றார். “அவ்வளவு நேரம் காத்திருந்தா தூண்ல துளிர் விட்டுடும்.”

அவள் அழுகையோடு சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. கூடுதலாக விழுந்த ஒன்றை அழிக்கப் பார்த்தார், இரண்டு ஒன்றும் போய்விட்டது. மறுபடி ஒன்றை அடித்தார். இந்தத் தடவை ஒரே ஒரு ஒன்று. அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஆயிரத்து ஐந்நூறு. கொஞ்சம் கூடவே இருக்கட்டும். அடுத்த வருஷம் வேண்டியிருக்கும்.”

அம்புக்குறியை அமுக்கினார். போர்டில் விளக்கு படபடத்து நின்றது.

“நாளைக்குப் போலாம்” என்றார். “நீயும் வா. ஆனா உள்ள வந்து நீ பேசாதே. நான் சொல்லிக்கிறேன்.”

“சரிங்க.”

“எட்டை மாத்தவே இல்லை பாரு” என்று சொல்லி நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். “கை கழுவிட்டு வந்து பன்னிரண்டைப் போடு.”